பரிசிற் கல் சென்ற பெருவழி

கேரள நாட்டில் ஓடும் ஆறுகள் 44 என்பர். அவற்றுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலிற் கலக்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. இம்மூன்றினுள் சிறியது பாம்பாறு. இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்னும் ஐந்து ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் வழியே அது இறங்குகின்றது. சின்னாற்றோடு கூடி, அமராவதியிற் கலந்து, கருவூரைச் சென்று சேர்கின்றது. கருவூரே சங்க காலச் சேரரின் வஞ்சி மாநகர் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. ஆகவே, இன்று மலையாள நாட்டின் எல்லைக்குள் விழும் மழைநீரில் ஒரு பகுதி, பழைய சேரர் தலைநகரின் மதிலோரமாக ஓடிற்று எனலாம். எல்லைக்கோடு மனிதர் வரைந்தது. ஆறு அதனை அறியாது.

அஞ்சுநாட்டுக்கு வடக்கே, ஆனைமலைக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வாய்திறந்து நிற்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். பிற கணவாய்களைப் போல ஏறி இறங்க வேண்டிய வழியன்று இது. பொதிமாடும் வண்டியும் மூச்சு வாங்காமற் செல்லத்தக்க திறந்த வெளி. மேலைக் கடற்கரையின் முசிறித் துறையையும் கொங்கு நாட்டையும் கருவூரையும் இணைத்த பெருவழி இதன் ஊடாகவே சென்றது. அவ்வழியே மிளகு சென்றதை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கின்றோம். அதே வழியிற் சென்ற கற்களைப் பற்றி, சிறப்பாக உருவம் செதுக்கிப் பரிசாக வழங்கத்தக்க கற்களைப் பற்றி, நம்முள் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பரவூருக்கு அருகே பட்டணம் என்றோர் ஊர் உள்ளது. அங்கே 2007-ஆம் ஆண்டு முதல் 2015 வரையில், கேரள வரலாற்று ஆய்வு மன்றத்தின் சார்பில் பி. ஜே. செரியன் அவர்களின் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், செங்கற் கட்டடங்கள், துறைமேடை, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணி ஆகியன வெளிப்பட்டன. இதுவே பழைய முசிறி என்பர் பலர், ஐயுறுவாரும் உளர். அவ்வாதத்துள் நாம் இங்குப் புகவேண்டியதில்லை. நமக்கு வேண்டியவை அங்குக் கிடைத்த மிகச் சிறிய பொருள்கள் சிலவே. சூதுபவளத்திற் செதுக்கிய பாயும் சிங்கம் ஒன்று. செல்வத்திற்குரிய ரோமானியத் தெய்வமாகிய பார்ச்சூனாவின் உருவம் பொறித்த சூதுபவளம் மற்றொன்று. பின்னர் 2020-ஆம் ஆண்டில் செரியன் குழுவினர் மீண்டும் அகழ்ந்தபோது, வரிகள் அமைந்த அகேட்டுக் கல்லில் ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த முத்திரை ஒன்றும், ஆண் தலை ஒன்றின் மிக நுண்ணிய உருவமும் கிடைத்தன.

ஸ்பிங்க்ஸ் என்பது பெண்முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட கிரேக்கக் கற்பனை விலங்கு. இதனைக் கண்டதும் ஆராய்ச்சியாளர்க்கு அகஸ்டஸ் பேரரசனின் நினைவு வந்ததில் வியப்பில்லை. அவன் முதலில் ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த முத்திரையையே தன் ஓலைகளுக்கு இட்டான். பிறகு அலெக்சாந்தரின் உருவத்திற்கு மாறினான். இறுதியில் டயாஸ்கூரிடீஸ் என்னும் கற்சிற்பி செதுக்கிய தன் உருவத்தையே முத்திரையாகக் கொண்டான். பிளினியும் சுவெடோனியஸும் இதனை எழுதி வைத்துள்ளனர். பட்டணத்து முத்திரை அப்பேரரசனுடையது என்று எவரும் கூறவில்லை, நாமும் கூறோம். அவன் காலத்து மக்கள் தம் தலைவனின் சின்னத்தைத் தம் விரலிலும் அணிந்து மகிழ்ந்தனர் என்பதே செய்தி. அத்தகைய விரல் ஒன்று மலையாளக் கரையில் நடமாடியிருக்கின்றது.

இங்கே அகேட்டு என்பது யாது என்று சிறிது கூறுதல் வேண்டும். நம் தொல்பொருள் ஆய்வாளர்கள் அச்சொல்லையே எடுத்தாள்கின்றனர். நாமும் அவ்வாறே செய்வோம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதனுள் குமிழிகளைப் போன்ற வெற்றிடங்கள் ஏற்படும். அவற்றினுள் மணற்சத்து கலந்த நீர் காலந்தோறும் கசிந்து, படலம் படலமாகப் படிந்து கல்லாகும். வெங்காயத்தை அரிந்தாற் போல, வெட்டிய முகத்தில் வெண்மை, சாம்பல், பழுப்பு, கருமை என வரி வரியாகத் தோன்றும். வரிகள் நேராகவும் அடுக்காகவும் அமைந்ததை ஓனிக்ஸ் என்பர். வரியின்றிச் செந்நிறமாக விளங்குவது சூதுபவளம். யாவும் ஒரு குடும்பத்துக் கற்களே. இக்குடும்பத்தின் தாய்வீடு தக்காணத்து எரிமலைப் பாறைகளும் குசராத்து நாட்டு ஆற்றுப் படுகைகளும் ஆகும். கொங்கு நாட்டிற்குச் சூதுபவளமும் அகேட்டும் வடக்கேயிருந்தே வந்தன என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

கல் செந்நிறம் பெறுவதும் தானாக அன்று. குசராத்தின் காம்பே நகரத்துத் தொழிலாளர் கல்லை நெடுநாள் வெயிலிற் காயவைத்து, பின் மட்பாண்டத்தில் இட்டு, வறட்டியும் மரத்தூளும் மூட்டிய தணலில் மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிடுவர். கல்லில் உள்ள இரும்புச்சத்து சூட்டினாற் சிவக்கும். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். இரும்புக் கோல் ஒன்றைத் தரையிற் சாய்த்து நட்டு, அதன் கூரிய முனையின் மேற் கல்லை வைத்து, எருமைக் கொம்பாற் செய்த சுத்தியலால் தட்டுவர். மேலிருந்து தட்ட, கீழே முனை பட்ட இடத்திலிருந்து சில்லு பெயர்கின்றது. கல்லின் எந்தப் பக்கம் எவ்வளவு உடையும் என்பதைக் கண் பார்த்துச் சொல்லாது, கையே அறியும்.

உருவம் செதுக்குவதோ இவற்றினும் கடினம். அகேட்டின் கடினம், பத்து அளவு கொண்ட கற்கடின வரிசையில் ஏறத்தாழ ஏழு. எஃகுக் கத்தியாற் கீறினாலும் தடம் விழாது. ஆதலின் உளியாற் செதுக்குவது என்பது இங்கே வெறும் பேச்சு வழக்கே. உண்மையில் நடப்பது தேய்ப்பு. சிறிய உலோகத் தண்டின் முனையிற் குமிழோ வட்டோ அமைத்து, வில்லின் நாணால் அதனைச் சுழற்றி, எண்ணெயும் குருந்தப் பொடியும் இட்டு, கல்லை அம்முனையில் அழுத்தி அழுத்தித் தேய்ப்பர். கருவி நிலையாகச் சுழலும். கல்லைப் பிடித்த கை அசையும். வைரத் துணுக்கை இரும்பிற் பதித்துச் செதுக்குவோர் பயன்படுத்தினர் என்று பிளினி எழுதுகிறார். முத்திரைக் கல்லாயின் வேறொரு தொல்லையும் உண்டு. உருவத்தைக் குடைந்து செய்ய வேண்டும். அதுவும் இடம் வலமாக மாற்றிச் செய்ய வேண்டும். வேலையின் நடுவே அவ்வப்போது மெழுகில் அழுத்திப் பார்த்தால்தான் மூக்கு மூக்காக அமைந்ததா என்பது தெரியும். அரிசி மணியளவு இடத்தில் ஒரு புருவம் பிசகினால், திருத்துவதற்கு வழியில்லை. தேய்ந்தது தேய்ந்ததே.

மற்றொரு முறை, புடைப்பாகச் செதுக்குவது. இதனை மேலை நாட்டார் கேமியோ என்பர். மேலடுக்கு வெண்மையும் அடியடுக்கு கருமையுமாக உள்ள கல்லைத் தேர்ந்தெடுத்து, வேண்டாத வெண்மையை நீக்கினால், கரிய வெளியில் வெள்ளை உருவம் எழுந்து நிற்கும். வெண்மையை எவ்வளவு மெலிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு அடியிலுள்ள கருமை நிழலாகத் தோன்றும். ஆடையின் மடிப்பும் கன்னத்தின் குழிவும் அந்நிழலால் விளங்கும். சிற்பி பாதி செய்கின்றான். பாதியைக் கல்லின் அடுக்கு செய்து கொடுக்கின்றது.

இம்முறையில் அமைந்த பெரும் படைப்பு ஒன்று வியன்னா நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜெம்மா அகஸ்டியா என்பது அதன் பெயர். 19 சென்டிமீட்டர் உயரமும் 23 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஈரடுக்கு ஓனிக்ஸ். மேற்பாதியில் அகஸ்டஸ் ரோமாபுரித் தெய்வத்தின் அருகே வீற்றிருக்கிறான். அவன் தலைக்கு மேல் முடி நீட்டப்படுகின்றது. கீழ்ப்பாதியில் வீரர்கள் வெற்றித் தூணை நடுகின்றனர். தோற்றவர்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்துவரப்படுகின்றனர். போர் வெற்றியை நினைவுகூர்வதற்காக அரண்மனை வட்டத்துள் செய்யப்பட்ட பொருள் இது என்பர். பாரிசு நகரத்தில் உள்ள பெருங் கேமியோ இதனினும் பெரிது; 31 சென்டிமீட்டர் உயரம், ஐந்து அடுக்குகள். இவை பொது இடத்தில் நிறுத்துவதற்குரிய சிலைகள் அல்ல. கையில் ஏந்திப் பார்ப்பதற்கும், நெருங்கியவருக்குக் காட்டுவதற்கும், பரிசாக அளிப்பதற்கும் உரியவை. கல்லின் அருமையும் செய்த காலத்தின் நீட்சியும் பெறுபவனின் பெருமையாகும். நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் இப்போது மேடைதோறும் வழங்கப்படும் கண்ணாடிக் கேடயங்களைப் பார்க்கும்போது, பத்து நிமிடத்தில் எந்திரம் எழுதிய பெயருக்கும் இதற்கும் உள்ள தொலைவு நம் மனத்திற் படாமற் போகாது.

ரோமாபுரியின் பெருங் கற்கள் யாவும் நம் கரையிலிருந்து சென்றவை என்று உரிமை பாராட்டுவது நம் நோக்கமன்று. ஆண்டு மலர்களில் அத்தகைய உரிமைகள் மிகுதியாகவே எழுதப்பட்டுவிட்டன. இந்தியாவிலிருந்து வரும் அடுக்குக் கற்களைப் பிளினி சிறப்பித்துப் பேசுகிறார். முசிறித் துறையில் ஏற்றப்பட்டவற்றுள் மிளகு, முத்து, யானைக்கோடு, பலவகை ஒளிக்கற்கள் ஆகியவற்றைப் பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் குறிக்கின்றது. ஓனிக்ஸ் முதலியவற்றை அது குசராத்துக் கரையிலுள்ள பாரிகாசாத் துறைக்கே உரியதாக்குகின்றது. ஆயினும் பட்டணத்து மண்ணில் வேறொரு சான்று கிடைத்தது. உருவம் செதுக்குவதற்கு ஏற்ப வெட்டித் தேய்த்து, உருவம் மட்டும் செதுக்கப்படாத கேமியோக் கற்கள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. இவையே இக்கட்டுரைக்கு உயிர்நிலை. செதுக்கிய சிங்கத்தையோ ஸ்பிங்க்ஸையோ ரோமானிய வணிகன் ஒருவன் விரலில் அணிந்து வந்தான் எனக் கொள்ள இடமுண்டு. செதுக்காத கல்லை எவனும் அணிந்து வரமாட்டான். அது இம்மண்ணில் உருவாகி, ஆங்குச் செல்லக் காத்திருந்த கல். ரோமாபுரியின் முகம் அதில் ஏறுவதற்கு முன் அதற்கு வடிவம் கொடுத்தவை இந்நாட்டுக் கைகள் என்றே நாம் கருதுகின்றோம்.

அக்கைகள் எங்கே பழகின? பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் விடை கிடைக்கும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தனர். கா. இராசன் அவர்கள் அதனைப் பல பருவங்கள் முன்னின்று நடத்தினார். பின்னர் 2012-இலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அகழ்ந்தார். வெளிப்பட்டது ஒரு தொழிற்பேட்டை எனலாம். இரும்பு உருக்கிய உலைகள், சங்கு அறுத்த துண்டுகள், நூற்ற தக்கிளிகள், இவற்றோடு மணித்தொழிலின் எல்லாப் படிகளும்: உடைக்காத கல், உடைத்த சில்லு, தேய்த்த துண்டு, துளையிட்டு முடியாத மணி, துளையிடும்போது உடைந்த மணி, மெருகேறிய மணி. நீலப்பச்சைக் கல் அருகிலுள்ள படியூரிலிருந்து வந்தது. நீலக்கல் சிவன்மலைப் பக்கத்தது. படியூர்ச் சுரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயர் ஒருவரால் தோண்டப்பட்டது. சூதுபவளமும் அகேட்டும் தொலைவிலிருந்து வந்து, இவ்வூரில் மணியாகி, வேறு தொலைவுக்குச் சென்றன. உடைந்த மணிகளே நமக்குப் பெரிய சான்றுகள். முடிந்த மணியை வணிகன் கொண்டு போய்விடுகிறான். உடைந்ததுதான் ஊரில் தங்கி, இங்குத் தொழில் நடந்தது என்று சொல்கின்றது.

பதிற்றுப்பத்தில் 67-ஆம் பாட்டிற் கபிலரும், 74-ஆம் பாட்டில் அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரின் அருங்கலன்களைக் குறிக்கின்றனர். அக்கொடுமணமே இக்கொடுமணல் என்பது அறிஞர் முடிபு. கபிலர் பாட்டில் அக்கலன் எவ்விடத்து வருகின்றது என்பதை நோக்குதல் தகும். சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம் சென்றால் என்னென்ன பரிசில் பெறலாம் என்று பாணனுக்குக் கூறும் இடத்தில் வருகின்றது. பந்தர் என்னும் பட்டினத்து முத்தும் கொடுமணத்து நன்கலனும் ஒருங்கே பேசப்படுகின்றன. அஃதாவது, கொங்கு நாட்டுக் கைவினைப் பொருள் அரசன் கையிலிருந்து புலவன் கைக்குச் செல்லும் பரிசிலாக அன்றே மதிக்கப்பட்டது. அவ்வரசன் கபிலருக்கு நூறாயிரம் காணமும் நன்றா என்னும் குன்றின் மேல் நின்று கண்ட நாடும் கொடுத்தான் என்று பதிகம் கூறும். நாடும் போயிற்று, காணமும் போயிற்று. கொடுமணத்துக் கல் மணி மட்டும் மண்ணுக்குள் மங்காமற் கிடந்தது.

கொடுமணலின் ஈமக்காட்டில் ஒரு கல்லறையினுள் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த உலோகப் புலி உருவம் ஒன்றும் ஓர் ஈமக்குழியிற் கிடைத்தது. இறந்தவனுக்கு உயிரோடிருந்தவர்கள் அளித்த இறுதிப் பரிசில் இவை. விற்றால் எத்தனை குடும்பங்கள் எத்தனை ஆண்டு உண்டிருக்கும் என்று கணக்கிடத் தோன்றுகின்றது. இட்டவர்கள் அவ்வாறு கணக்கிடவில்லை.

மேலை நாட்டார் இக்கற்களுக்கு எவ்வளவு கொடுத்தனர் என்பதற்கும் சான்றுண்டு. கி.பி. 22-இல் டைபீரியஸ் பேரரசன் ஆட்சிமன்றத்திற்கு எழுதிய மடலில், மகளிரின் அணிகற்களுக்காக நம் செல்வம் அயல் நாடுகளுக்குச் செல்கின்றதே என்று முறையிட்டான். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குச் செல்கின்றது என்பது பிளினியின் கணக்கு. அந்நாணயங்கள் கணவாயின் கிழக்கு வாயிலில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பொள்ளாச்சியில் 1800-ஆம் ஆண்டிலும், கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாக வெளிப்பட்டன. மேற்கு வாயிலில் திருச்சூர்ப் பக்கத்து எய்யாலிலும் கிடைத்தன. வழியை வரைந்து காட்ட வரைபடம் வேண்டுவதில்லை. காசு கிடந்த ஊர்களைக் கோடிட்டு இணைத்தாற் போதும்.

நம்மவர் மணி செய்தனர். உருவம் செதுக்கினரா என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில், பறவையுடன் கூடிய காதற்றெய்வத்தின் உருவம் செதுக்கத் தொடங்கி முடிக்கப்படாத படிகக் கல் ஒன்று கிடைத்தது. முடிக்கப்படாத வேலையும் உடைந்த மணியைப் போன்றதே. அது தொழில் நடந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றது. கருவியைப் பிடித்தவன் யவனனாயினும் அவனருகே அமர்ந்து கற்றவன் யாவன் என்பது சிந்திக்கத்தக்கது. அண்மை ஆண்டுகளில் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், திமிலோடு பாயும் காளையின் உருவம் பொறித்த சூதுபவளம் ஒன்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டெடுத்தனர். கல் நுட்பம் யவனருடையதை ஒத்தது. காளையோ நம் தொழுவத்துக் காளை.

இதனின் வேறாக நம் பக்கத்துக்கே உரிய ஓர் அழகு உண்டு. அதனை நாம் பெரிதும் மதிக்கின்றோம். திருச்சூர் மாவட்டத்துப் போர்க்களம் என்னும் ஊரில் 1948-இல் பி. கே. தாப்பர் அவர்கள் ஈமத்தாழி ஒன்றை அகழ்ந்தபோது, வெண்கோலமிட்ட சூதுபவள மணிகளைக் கண்டார். அத்தகைய மணிகள் கொடுமணலிலும் உள்ளன. இக்கோலம் குடைந்ததும் அன்று, பூசியதும் அன்று. காரக் குழம்பினால் மணியின் மேற் கோடிட்டுச் சூடேற்றினால், அக்கோடு கல்லுக்குள் இறங்கி வெண்மையாக நிலைத்துவிடும். சிந்து வெளியிலிருந்து வந்த பழைய நுட்பம் அது. ரோமானியன் கல்லில் ஒரு மனிதனின் முகத்தைத் தேடினான். நம் முன்னோர் அதே கல்லில் நெருப்பால் கோலமிட்டனர். வாசலிற் கோலமிடும் மக்கள் வேறென்ன செய்வர்?

இனி, செய்தவர் பெயர் என்ன? டயாஸ்கூரிடீஸ் என்னும் பெயரைப் பிளினி காத்து வைத்தார். நம் மணித்தொழிலாளரின் பெயரைக் காத்தவர் யார்? புலவர்கள் கொடுத்தவன் பெயரைப் பாடினர். கல்லைத் தேய்த்தவன் பெயரைப் பாடவில்லை. அதற்காகப் புலவரை நாம் குறை கூறுவது முறையாகாது. பாட்டு அவர்களுக்குச் சோறு. ஆயினும் கொடுமணலின் மக்கள் தம் பெயரைத் தாமே எழுதிக் கொண்டனர். அங்குக் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மட்பாண்ட ஓடுகள் 500-க்கும் மேற்பட்டவை. கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன் சுமணன் முதலிய பெயர்கள் அவற்றில் உள்ளன. சிலர் பெயர் தமிழ். சிலர் பெயரில் வடபுலத்து வாடை. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உள்ளது. பிழைப்புக்காகத் தொலைவிலிருந்து வந்தவனும் உள்ளூரானும் ஒரே தெருவில் ஒரே எழுத்திற் பெயர் எழுதிய பானையில் உண்டனர் என்று கொள்வதில் தவறில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவற்றினும் அருமையான பெயர் ஒன்று ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர் மலைக் குகையில் உள்ளது. தாள எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பொறித்த கல்வெட்டு அது. மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் ஒன்றுபோற் படிக்கத்தக்கதாக எழுத்துகள் அமைந்துள்ளன. அவ்வாறு எழுத்துகளை இணைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அதன் கீழே பொறிக்கப்பட்டுள்ளதாக ஆய்வாளர் படித்துள்ளனர். வண்ணக்கன் என்பான் பொன்னையும் மணியையும் நோட்டம் பார்ப்பவன். கல்லின் நிறத்தையும் குற்றத்தையும் பகல் முழுதும் ஆராய்ந்தவன், ஓய்வு நேரத்தில் தாளத்தைக் கட்டமிட்டுக் கல்லில் எழுதியிருக்கின்றான். மணியின் அடுக்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்தின் அடுக்கும் இன்பமாயிற்று போலும். இது நம் ஊகமே. ஆயினும் தேவன் சாத்தனை நினைக்குந்தோறும் நமக்கு இவ்வாறே தோன்றுகின்றது. கருவூரை அடுத்த புகழூர் மலையிலும், கருவூர்ப் பொன் வணிகன் நத்தி என்பான் துறவியர்க்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பரிசில் பெற்றவர், கொடுத்தவர் ஆகிய இரு சாராரோடு, பொருளை மதிப்பிட்டவனும் விற்றவனும் நம் நாட்டில் தம் பெயரைக் கல்லேற்றினர் என்பது சிறு செய்தியன்று.

எல்லைப் பகுதியில் இன்னும் பார்க்கவேண்டியவை மிகுதி. மறையூர்ப் பாறைகளின் மேல், பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்றிட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரார் அவற்றை முனியறை என்கின்றனர். பல சரிந்தும் உடைந்தும் போயின. மலையின் கிழக்கு அடிவாரத்தில், பழனிக்கு அருகே உள்ள பொருந்தலில், 2009-ஆம் ஆண்டு கா. இராசன் அவர்கள் அகழ்ந்தார். ஈமக்குழிகளில் ஆயிரக்கணக்கான மணிகளும், வயர என்னும் எழுத்துள்ள பிரிமனையும், ஒரு கலத்தில் நெல்லும் கிடைத்தன. அந்நெல்லை ஆராய்ந்ததில் அதன் காலம் கி.மு. 490 அளவினது என முடிவு வந்தது. அஞ்சுநாட்டிலிருந்து இறங்குவோரும் மதுரைப் பக்கத்திலிருந்து ஏறுவோரும் அவ்வடிவாரத்தைத் தொட்டே செல்ல வேண்டும். பாலக்காட்டில் மலம்புழை அணையின் நீர்ப்பரப்பினுள் தீவுகளைப் போலத் தோன்றும் மேடுகளில், 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்கள் இருப்பதாக இந்தியத் தொல்லியல் துறையினர் 2025-ஆம் ஆண்டில் அறிவித்தனர். கல்வட்டங்களும் பதுக்கைகளும் தாழிகளும் அங்கே உள்ளன. கணவாயின் வாயிலிலேயே இத்துணைப் பெரிய ஈமக்காடு இருந்தது என்றால், அதனருகே வாழ்ந்தவர் எத்துணையர்! அவற்றுள் எத்தனை தாழிகளில் கோலமிட்ட மணிகள் உள்ளனவோ, மண்ணை முறையாக நீக்கியவர்க்கே அது தெரியும். முறையின்றி நீக்குபவர்களும் உளர் என்பதே நம் கவலை. கொங்கு நாட்டில் மழை பெய்து ஓய்ந்ததும் வயல்களில் மணி பொறுக்குவது பழைய வழக்கம். பொறுக்கிய மணி கைமாறிக் கைமாறி எங்கோ ஓர் அணிகலனிற் சேர்ந்துவிடும். மணி அழியாது, அது கிடந்த இடம் அழிந்துவிடும். இடத்தை இழந்த மணி, ஊர் பேர் தெரியாத அழகிய கல்லே ஆகும்.

இவ்வூர்களை நம் இளைஞர் காணச் செல்வாராயின், கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் வழியோரப் பாறை ஒன்றையும் அவர்கள் காணுதல் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் பழைய சாலையைச் சோழர் காலத்தில் இராசகேசரிப் பெருவழி என்றனர். அப்பெயரையும் அதனைக் காத்தவன் புகழையும் அப்பாறையிற் பொறித்துள்ளனர். கிழக்கேயிருந்து வருபவன் படிப்பதற்குத் தமிழெழுத்தில் ஒருமுறை. மேற்கேயிருந்து வருபவன் படிப்பதற்கு வட்டெழுத்தில் ஒருமுறை. பாட்டு இரண்டிலும் ஒன்றே.